அத்தையின் பக்கத்தைத் தொடாத அம்பிகா

ஆம்பூரில் நாங்கள் வேலை செய்யும் ஷூ தொழிற்சாலையில் அம்பிகா அக்கா செக்கர். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தையல் பிரிவில் நான்காவது லைனில் அக்காவின் கொழுந்தன் இருக்கிறார். அந்த லைனின் பெட்டி வந்தால், அக்கா அதைத் திறக்காமலே என் மேசைப் பக்கம் தள்ளிவிடுவார்.

"என் கொழுந்தன் தெச்சது. நீ பாரும்மா."

வேலை முடிந்தபின் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில், ஏழு ஆண்டுகளாகத் தமிழில் வாழ்க்கை வரலாறுகள் எழுதுகிறார். சம்பளம் கிடையாது. இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர்கூடச் சொந்தக்காரர் இல்லை.

அக்காவின் மாமியார் அமிர்தவள்ளி ஒரு காலத்தில் மாநிலப் பெண்கள் அணிக்குப் பூப்பந்து ஆடியவர். பழைய விளையாட்டு மலர் ஒன்றைப் பார்த்து, சிவகங்கையைச் சேர்ந்த சாமிநாதன் என்ற தன்னார்வலர் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டார். அதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, குடியாத்தத்தில் பிறந்தவரை ஆரணிக்காரர் ஆக்கியிருந்தார். இரண்டு, 1988 இறுதி ஆட்டத்தில் அமிர்தவள்ளியின் கடைசி சர்வீஸ் வலையில் பட்டதால் அணி தோற்றது என்று எழுதியிருந்தார்.

"நீதானே அதுல எழுதற? மாத்துடி."

"நான் தொடக்கூடாது அத்தை."

"இன்னா தொடக்கூடாது? தீட்டா?"

"நான் உங்க மருமக. நான் மாத்தினா நியாயமா இருக்காது."

"அப்ப ஒரு அரை மணி நேரம் மருமகளா இருக்காத."

ஒவ்வொரு கட்டுரையோடும் அதைப் பற்றி விவாதிக்க ஒரு பேச்சுப் பக்கம் இருக்கும். அதில், "இவர் என் மாமியார், பிறந்த ஊர் தவறாக உள்ளது" என்று எழுதி மற்றவர்களைத் திருத்தச் சொல்ல வழி உண்டு. அக்கா அதையும் செய்யவில்லை. தான் யார் வீட்டு மருமகள் என்று ஊருக்கெல்லாம் சொல்லக் கூச்சம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

அதற்குள் கொழுந்தன் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. அக்கா சமையற்கட்டில் இருந்த நேரத்தில், கூடத்தில் அமிர்தவள்ளி தன் குறையைச் சொல்லியிருக்கிறார். மகள் பூர்ணிமா திருப்பத்தூரில் கணினி ஆசிரியை. "இவ்ளோதானேம்மா?" என்று போனை எடுத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் அக்கா வீட்டு வைஃபையிலிருந்து ஐந்து புதிய கணக்குகள். ஆரணி போய்க் குடியாத்தம் வந்தது. வலையில் பட்ட சர்வீஸ் காணாமல் போனது. 'பூப்பந்து ராணி' என்று ஒருவர் சேர்க்க, 'தோல்வியே அறியாதவர்' என்று இன்னொருவர் சேர்த்தார்.

மறுநாள் காலை அக்காவின் கணக்குக்கு, அந்தக் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருவருமான சாமிநாதனிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஐந்து கணக்குகளும் அக்கா எழுதும் அதே இணைய இணைப்பிலிருந்து வந்தவை என்று தெரிகிறது. ஒருவரே பல பெயர்களில் எழுதுவது விதிமீறல். மூன்று நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் எல்லாக் கணக்குகளும் நிரந்தரமாக முடக்கப்படும். எல்லாம் என்றால் அக்காவின் ஏழு ஆண்டுக் கணக்கும்தான்.

அன்று மதியம் அவர் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. "எல்லாம் சேந்து பேஜார் பண்ணிட்டாங்கம்மா" என்றார். பிறகு போனை எடுத்து எழுத ஆரம்பித்தார். முடித்ததும் என்னிடம் நீட்டினார்.

"முதல் கணக்கு பூர்ணிமா, என் நாத்தனார். இரண்டாவது ஹேமந்த், அவர் கணவர், எனக்கு அண்ணன் முறை. மூன்றாவது நவநீதன், என் கொழுந்தன். நான்காவது பாரதி, நவநீதனின் மனைவி, என் ஓரகத்தி. ஐந்தாவது வேலு, என் மாமனாரின் தம்பி. இவருக்குப் போனில் எழுதத் தெரியாது. இவர் சொல்லப் பாரதி எழுதினார். கட்டுரையில் உள்ள அமிர்தவள்ளி என் மாமியார். நான் எதையும் மாற்றவில்லை. ஆனால் இந்த உறவை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு."

"இவ்ளோ சொல்லணுமாக்கா?"

"கம்மியா சொல்லித்தானே இப்டி ஆச்சு."

மாலையில் பதில் வந்தது. "உறவுமுறையைத் தாளில் வரைந்து பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. பொய் சொல்கிறவர் ஓரகத்தி வரை போகமாட்டார். உங்கள் கணக்குக்கு ஆபத்தில்லை. குடும்பத்தார் செய்த மாற்றங்களை நீக்கிவிட்டேன். பிறந்த ஊருக்கு அச்சில் வந்த சான்று இருந்தால் பேச்சுப் பக்கத்தில் கொடுங்கள், நானே திருத்துகிறேன்."

அக்கா அதை வீட்டில் படித்துக் காட்டினார். அமிர்தவள்ளி பீரோவைத் திறந்து, நகைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பழைய செய்தித்தாள் துண்டை எடுத்தார். 'குடியாத்தம் வீராங்கனை அமிர்தவள்ளி' என்று அதில் தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே, அவருடைய கடைசி சர்வீஸ் வலையில் பட்டு அணி தோற்றது என்றும் இருந்தது.

"இதைக் குடுத்தா ஊரு சரியாயிடும் அத்தை. ஆனா சர்வீஸும் உறுதியாயிடும்."

"அந்த வரியை மடிச்சி வெச்சி போட்டோ எடேன்."

"மாட்டேன்."

"பெரிய அரிச்சந்திரி!" என்று சொல்லிவிட்டு, அமிர்தவள்ளி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். காபி ஆறியது. பூர்ணிமா போனில் அழைத்து, கொடுக்காதே என்றார். நவநீதன், கொடுத்துவிடு என்றார். கடைசியில் அமிர்தவள்ளி துண்டை மருமகளிடம் நீட்டினார்.

"முழுசா எடு. நெட்ல பட்டாலும் அது குடியாத்தம்காரி அடிச்ச பந்துடி. ஆரணிக்காரி கணக்குல ஏன் போவணும்?"

அக்கா தன் உறவைச் சொல்லிப் படத்தைப் பேச்சுப் பக்கத்தில் கொடுத்தார். மறுநாளே சாமிநாதன் திருத்திவிட்டார். அமிர்தவள்ளி அந்தப் பக்கத்தைத் தன்னோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி, கீழே இப்படி எழுதினார்: "என்னைப் பத்தி வந்திருக்குது. எழுதினது என் மருமக இல்ல, சிவகங்கைக்காரர்."