போக ரெண்டே முக்கா, வர அஞ்சே முக்கா

வேலைக்குச் சேந்த நாலாவது நாளே ஒரு மனுசனோட நோன்பை ஒரு மணி நேரம் நீட்டி விடப் பாத்தவன் நான். டிராவல்ஸ் லைனுக்குப் புதுசா வாரவங்க படிச்சுக்கோங்க.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆபீஸ். நான் பி.காம், கீபோர்டுல கை பறக்கும். கடையநல்லூர் சாகுல் பாய் வந்தாரு. துபாய்ல மக பிள்ளை பெத்திருக்கா, பேரனைப் பாக்கப் போறாரு. ரம்ஜான் மாசம். திருவனந்தபுரத்துல இருந்து சாயங்காலம் பிளைட்.

"தம்பி, நான் சுகர்காரன். நோன்பு பதினாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. காலைல அஞ்சேகாலுக்குப் பிடிப்பேன். பிளைட்ல எப்பம் தொறக்கலாம்?"

டிக்கெட்டைப் பாத்தேன். நாலரைக்குக் கிளம்புது, ஏழேகாலுக்கு இறங்குது.

"ரெண்டே முக்கா மணி நேரம்தான் பாய். நம்மூர் மாதிரியே ஆறரைக்குத் தொறங்க. பதிமூணேகால் மணி நேரம்தான் ஆவும்."

கெத்தா சொல்லிட்டேன்.

அவரு கிளம்புத அன்னைக்குக் காலைல, ஓனர் மாரியப்பன் அண்ணாச்சி அவரோட ரிட்டர்ன் டிக்கெட் காப்பியை எடுத்துப் பாத்தாரு. மத்தியானம் ஒன்னுக்குக் கிளம்பி, ஆறே முக்காலுக்கு இறங்குது. கூடவே, போக ரெண்டே முக்கா மணி நேரம்னு நான் எழுதி வச்சிருந்த நோட்டையும் பாத்தாரு.

"ஏலே, போக ரெண்டே முக்கா, வர அஞ்சே முக்காவா? பிளேன் என்ன, ஆரியங்காவு மலை ஏறியா வருது?"

அப்பம்தான் எனக்கு உறைச்சுது. இறங்குத நேரம் துபாய் கடிகாரம். நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னால. தூரம் சுமாரா ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், பறக்க நாலேகால் மணி நேரம். மேக்க போற பிளேன் சூரியனை விரட்டிக்கிட்டே போவும். அது மறைய நம்ம நேரம் ஏழரை தாண்டிரும். பதினாலு மணி நேரம் காலி.

"ஆறரைக்குத் தொறக்கச் சொல்லிட்டேன் அண்ணாச்சி."

"ஜன்னல்ல வெயில் அடிக்கும்போது அவரு வாயில தண்ணி பட விடுவாராலே? அப்படியே உக்காந்து மயங்கிருவாரு. போனைப் போடு."

பாய் அதுக்குள்ள திருவனந்தபுரத்துக்குக் கார்ல கிளம்பிட்டாரு, ஆரியங்காவு மலைல டவர் இல்ல. புனலூர் தாண்டித்தான் எடுத்தாரு. தப்பை ஒத்துக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன்.

"அப்பம் பதினாலு தாண்டுதா?"

"தாண்டுது பாய். பிரயாணத்துல நோன்பை விடலாம்னு சலுகை இருக்குல்லா..."

"அதை நீ எனக்குச் சொல்லுதியோ? முப்பது வருசமா விடாத நோன்புலே."

கட் பண்ணிட்டாரு.

மறுநாள் துபாய்ல இருந்து போன்.

"ஏர்போர்ட்லயே தண்ணி குடிச்சு நோன்பை விட்டுட்டேன்லே. பேரனைப் பாக்க வாரேனா, ஆஸ்பத்திரில படுக்க வாரேனா? ஆறரைக்கு ஜன்னலைப் பாத்தேன். சூரியன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கி."

"மன்னிச்சிருங்க பாய்."

"அது கெடக்கட்டும். விட்ட நோன்பைப் பொறவு பிடிச்சாகணும். கிழக்க வரும்போது பகல் குறையுமா?"

"ஒன்றரை மணி நேரம் குறையும்."

"அப்பம் ரம்ஜான் முடிஞ்சு திரும்பி வார அன்னைக்கே பிடிச்சிருதேன். நீ நீட்டினதை நீயே குறைச்சுக் குடு. எப்பம் தொறக்கணும்னு எழுதி அனுப்பு."

டிக்கெட்டுல இருக்கது ரெண்டு ஊர் கடிகாரம். ஒன்னுல இருந்து ஒன்னைக் கழிச்சா பறக்குத நேரம் வராது. இப்பம் எந்த டிக்கெட் குடுத்தாலும் பறக்குத நேரத்தை மேல பேனாவுல எழுதித்தான் குடுப்பேன்.

பாய்க்கும் எழுதி அனுப்புனேன்: நம்ம நேரம் ஆறரை, இறங்குததுக்குக் கால் மணி நேரம் முன்னால. ரெண்டு தடவை கூட்டிப் பாத்தேன். அண்ணாச்சிட்ட காட்டல.