அல்போன்ஸ் மாஸ்டரின் பரம்பரைக் கோபம்

சாந்தோமில் அல்போன்ஸ் மாஸ்டரின் கோபத்தை அறியாதவர் கிடையாது. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பி.டி. மாஸ்டர். கழுத்தில் விசில், சட்டைப்பையில் பிரஷர் மாத்திரை. விசில் மாணவர்களுக்கு, மாத்திரை மற்ற எல்லோருக்கும். யாராவது எதிர்த்துப் பேசினால் மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைப்பார். அதற்கு மேல் ஹெட்மாஸ்டரே பேசமாட்டார்.

கோபம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. அப்பா லாய்ட் நாற்பத்து நான்கு வயதில், யாரோ ஒரு போலீஸ்காரனோடு சண்டை போட்ட அதே வாரம் பக்கவாதத்தில் போய்ச் சேர்ந்தார். நான் முதலில் இந்தக் கதையைக் கேட்டபோது எதிராளி வெறும் கான்ஸ்டபிள். அடுத்த முறை இன்ஸ்பெக்டர் ஆனார். போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டபோது கமிஷனராகிவிட்டார். பெரியப்பாவும் அப்படித்தான், ஐம்பதைப் பார்க்கவில்லை. "எங்க வீட்டு ஆம்பளைங்க ரத்தமே கொதிக்கிற ரத்தம்" என்று மாஸ்டர் மார்பைத் தட்டிச் சொல்வார். அத்தை ஒருத்தி இருந்தாள், ரோசலின். முப்பத்தாறு வயதில் தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் அவள் பெண்பிள்ளை. பெண்பிள்ளைக்கு ஏது பரம்பரைக் கோபம்? அதனால் அவளைக் கதையில் யாரும் சேர்ப்பதில்லை.

மாஸ்டருக்கு முதன்முதலில் பிரஷர் பார்த்தது கல்யாணமாகி ஏழாவது மாதம். அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பார்க்காதது இல்லாததாகிவிடுமா என்றெல்லாம் யோசிக்க அவருக்குப் பொறுமை ஏது? கல்யாணத்துக்கு முன்னால் நன்றாக இருந்தேன், பின்னால் வந்தது, ஆகவே மனைவி பியாட்ரிஸின் கைப்பக்குவம்தான் காரணம் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் சமையல்கட்டைக் கோணல் என்றார்.

அன்றோடு அந்த வீட்டில் உப்பு ஒழிந்தது. பியாட்ரிஸ் கடற்கரைக்காரி, நெத்திலிக் கருவாடு என்றால் உயிர். அந்தச் சட்டியைக் கவிழ்த்து வைத்தவள்தான், இருபத்து நான்கு வருஷமாகக் கணவனோடு சேர்ந்து சப்பென்ற சோற்றைத் தின்றாள். அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. ஒரு மாத்திரை இரண்டாகி, மூன்றாகி, நாலில் வந்து நின்றது. "நீ திருட்டுத்தனமா உப்பு போடுற" என்றார் மாஸ்டர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியவர்கள் சொன்னதை இவ்வளவு கொடூரமாகக் கடைப்பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை.

இந்த ஜூலையில் பள்ளி மைதானத்தில் ரிலே ஓட்டத்துக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தவர், கால் இரண்டும் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அடையாறில் சிறுநீரக டாக்டர் ஜுவேரியாவிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் இவருடைய பழைய சீட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டு, யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டாள். வீட்டில் இள வயதில் இறந்தவர்கள் யார் யார்? மாஸ்டர் அப்பாவைச் சொன்னார், பெரியப்பாவைச் சொன்னார், கமிஷனரையும் சொன்னார். "லேடீஸ் யாராவது?" என்று அவள் விடாமல் கேட்டதும்தான் ரோசலின் அத்தை நினைவுக்கு வந்தாள். டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினாள். சிறுநீரகத்துக்குள் நூலைவிட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்ச் சுவரில் உள்ள செல்களில் உப்புக்கென்றே பொடிப்பொடிக் கதவுகள். வெளியே போகிற உப்பில் உடம்புக்கு வேண்டியது மட்டும் அந்தக் கதவு வழியாகத் திரும்பி வரும். போதும் என்றதும் செல் அந்தக் கதவின் பிடியைப் பற்றிக் கழற்றி எடுத்துவிடும். மாஸ்டரின் உடம்பு செய்கிற கதவில் அந்தப் பிடி கிடையாது, பிறவியிலேயே கிடையாது. கழற்ற முடியாத கதவு திறந்தபடியே நிற்கிறது. உப்பு திரும்பி வந்துகொண்டே இருக்கிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது, ரத்தம் பெருகி அழுத்தம் ஏறுகிறது. உப்பு உள்ளே வர வரப் பொட்டாசியம் வெளியே ஓடிவிடுகிறது. காலை வாரிவிட்டது அதுதான். இத்தனை வருஷம் தின்ற நாலு மாத்திரையில் ஒன்றுகூட அந்தக் கதவைத் தொடவில்லை. தொடுகிற மாத்திரை வேறு, அது வெகுகாலமாகக் கடையில் கிடைக்கிற சாதாரண மாத்திரைதான்.

"அப்ப, கோபத்துல வர்ற பிபி இல்லையா டாக்டர்?" என்று கேட்டார் மாஸ்டர். கொடுத்த பதக்கத்தைத் திருப்பிக் கேட்டால் வருகிற முகம்.

"நீங்க ஊர்லயே சாந்தமான ஆளா இருந்திருந்தாலும் இது வந்திருக்கும் சார். அது இருக்கட்டும், உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர்? பாதிக்குப் பாதி வர வாய்ப்பு இருக்கு. ஆணா பொண்ணான்னு இது பாக்காது. உடனே கூட்டிட்டு வாங்க."

ஒரே பிள்ளை ஷெரில், வயது இருபத்து மூன்று. அவளுக்கு இரண்டு வருஷமாகத் தலைவலி. செல்போனை நோண்டுவதால் வருகிறது என்று அதற்கும் மாஸ்டர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருந்தார். அவளுக்கும் லாரன்ஸுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் போன ஞாயிறுதான் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். ரிப்போர்ட்டை வீட்டில் காட்டினால் இரண்டு சங்கதி வெளியே வரும். பெண்ணுக்கு வியாதி இருக்கலாம் என்பது ஒன்று. இருபத்து நான்கு வருஷமாகப் பியாட்ரிஸ் மேல் போட்ட பழி அபாண்டம் என்பது மற்றொன்று. எதற்கு அவர் அதிகம் பயந்தார் என்று கேட்டால் எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் ஓலை முடியட்டும் என்று ரிப்போர்ட்டைப் பள்ளிக்கூடத்தில் வாலிபால் வலைக்கு அடியில் செருகி வைத்தார்.

தனக்கு எழுதித் தந்த புது மாத்திரையை மட்டும் மறக்காமல் தின்றார். பத்தே நாளில் பிரஷர் கட்டுக்குள் வந்தது. கோபம் மட்டும் இம்மியும் இறங்கவில்லை. ஆக, அது பரம்பரையில் வந்ததில்லை, மாஸ்டரே பாடுபட்டுச் சம்பாதித்தது என்று தெரிந்துபோயிற்று.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். இரண்டாம் ஓலையில் "தடை" என்ற சொல் வந்தபோது மாஸ்டர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். மூன்றாம் ஓலையிலும் கட்டினார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது செருப்பு.

பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வளாகத்தில் இலவச மருத்துவ முகாம். நர்ஸ் அன்புச்செல்வி முதலில் மாஸ்டரைத்தான் பிடித்து உட்கார வைத்தாள். நூற்று முப்பதுக்கு எண்பது. மாஸ்டருக்கே நார்மலா என்று சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்து, கல்யாணப் பெண்ணுக்கும் பார்த்துவிடலாம் என்று யாரோ ஷெரிலின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். அன்புச்செல்வி ஒரு தடவை பார்த்தாள். பட்டையைக் கழற்றி மறு கையில் சுற்றி இன்னொரு தடவை பார்த்தாள்.

"இன்னாம்மா இது, நூத்தி எழுவத்தஞ்சு காட்டிக்கினு கீது?"

கல்யாண டென்ஷன் என்றார் ஒருவர். ஆமாம், டென்ஷன்தான் என்று மாஸ்டரும் சொன்னார். அதைச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. லாரன்ஸின் அம்மா பிலோமினா சிரித்துக்கொண்டே, பெண்ணைக் கருவாடும் ஊறுகாயுமாக வளர்த்திருப்பீர்கள், இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பியாட்ரிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாங்க, எனக்குக் கொஞ்சம் கை தூக்கல்தான்" என்றாள்.

இருபத்து நான்கு வருஷமாக உப்பைத் தொடாத கை அது. பழியைச் சுமந்து சுமந்து, யாரும் சுமத்துவதற்கு முன்பே தானாக எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். மாஸ்டருக்கு எங்கோ சுரீர் என்றது. கதவே இல்லாத ஏதோ ஓர் இடத்தில்.

"அவ கையில ஒண்ணும் இல்ல" என்றார். குரல் மைதானத்துக் குரலாக வந்துவிட்டது, சாமியார்கூடத் திரும்பிப் பார்த்தார். "இது என்னுது. எங்கப்பனுது. ரோசலின் அத்தைய கொண்டுபோனதும் இதான். ரிப்போர்ட் வந்து ரெண்டு வாரமாகப் போவுது, நான்தான் மறைச்சு வச்சேன்."

ஷெரில் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மாத்திரை கிடையாது. லாரன்ஸ் மட்டும் மாத்திரையின் பெயர் என்ன, டாக்டர் நாளைக்கு இருப்பாரா என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டான். இத்தனை பயந்த தடை அவ்வளவுதான். மறைத்து வைத்த நாட்களில் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு நரம்பு வெடித்திருந்தால் அதை எந்த ஓலையில் வாசித்திருப்பார்களோ.

வீட்டுக்கு வந்ததும் பியாட்ரிஸ் பையை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போய் வந்தாள். மதியம் மாஸ்டருக்கும் ஷெரிலுக்கும் வழக்கமான சப்பென்ற சோறு. தன் தட்டில் மட்டும் மொறுமொறுவென்று வறுத்த நெத்திலிக் கருவாட்டைக் குவித்துக்கொண்டு, மாஸ்டருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். வாசம் தெருமுனை வரைக்கும் போயிற்று.

"உங்க ரெண்டு பேருக்கும் இது ஆவாது" என்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லல்ல."

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தது. பிபி என்று வாயெடுத்தார். நூற்று முப்பதுக்கு எண்பது என்று காலையில் ஊரே கைதட்டியிருந்தது. அட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.