புயலுக்கு முன் அவிழ்த்த கயிறுகள்

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. போனில் அந்தப் புயலின் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, என்ன அழகு என்பதுதான். கடல் மேல் வெள்ளையாகச் சுழன்றபடி ஒடிசாக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனி கேன்டீனில், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, எங்களோடு வேலை செய்தே எங்கள் தமிழ் பழகிவிட்ட வடக்கத்திப் பையன் பிபினிடமும் காட்டினேன்.

அவன் கரையோரம் ஓரிடத்தில் விரலை வைத்தான். "எங்க ஊடு இங்கதானுங்க அண்ணா."

நான் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அவன் மனைவியை வீடியோவில் கூப்பிட்டான். அவன் அம்மா போனைப் பிடித்திருக்க, காற்றில் சேலை படபடக்க, அவள் தொழுவத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். நானும் வீட்டில் இரண்டு மாடு வைத்திருப்பவன். பதறிப்போய், "ஏனப்பா, மெரண்டு ஓடிப்போயிருமே. இறுக்கிக் கட்டச் சொல்லு" என்றேன்.

"கட்டியிருந்தா தண்ணி வந்ததும் செத்துப்போயிருமுங்க. அவுத்துட்டா அதுவே மேட்டுக்குப் போயிக்கும்" என்றான்.

தன் மாடுகளை அவிழ்த்ததோடு அவள் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டார் அவசரத்தில் மாடுகளைக் கட்டியபடியே விட்டுவிட்டு முகாமுக்குப் போயிருந்தார்கள். அந்தத் தொழுவத்திலும் நுழைந்தாள். அதற்கடுத்த வீட்டிலும். கடைசி முடிச்சை அவிழ்த்த பிறகுதான் முகாமை நோக்கி நடந்தாள். போகும் வழியிலேயே சிக்னல் போய்விட்டது.

நான்காம் நாள் பிபின் முகம் தெளிந்து வந்தான். கூரை பறந்துவிட்டதாம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மாடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு கன்றை மட்டும் காணவில்லை.

அந்தப் பெண்ணின் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மாடுகளுக்கு, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சுதான் போடுகிறேன்.