வாசலோரத்துக் கித்தான் பை

எங்கள் வீட்டில் ஒரு பை இருந்தது. இருந்தது என்று சொன்னால் போதாது, குடியிருந்தது. வாசல் கதவுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில், வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் இடறிக்கொண்டு, பச்சை என்றும் சொல்ல முடியாத பழுப்பு என்றும் சொல்ல முடியாத ஒரு நிறத்தில் கிடக்கும். இங்கே அந்தமானில், அபர்டீன் பஜாரில் வாங்கிய தடிக் கித்தான் பை. அதற்குப் பக்கத்தில் ஒரு பாய். பாயில் என் வீட்டுக்காரர். தலைமாட்டில் டார்ச், கால்மாட்டில் செருப்பு. சுனாமிக்குப் பிறகு வருஷக்கணக்காக எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடந்தது. உள்ளறைக் கட்டிலில் நான், வாசலில் அவரும் பையும்.

சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் சிரித்துப் பார்த்தவள்தான், கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் வண்டூரில் இருந்தோம். கடலுக்கு ரொம்பப் பக்கமில்லை, ரொம்பத் தூரமும் இல்லை. தரை ஆடி அடங்கியதும் எல்லோரும் வெளியே வந்து நின்று, யார் வீட்டில் என்ன விழுந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். ஜெட்டிப் பக்கமிருந்து யாரோ "பானி ஆ ரஹா ஹை, பாகோ!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். தண்ணீர் வருகிறது என்று காதில் விழுந்த பிறகும் என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் ஓடினார். பீரோவில் அவருடைய சர்டிஃபிகேட், சர்வீஸ் பேப்பர், எங்கள் கல்யாண ஆல்பம் எல்லாம் இருந்தன. பீரோ பூட்டியிருந்தது. சாவி வழக்கமான ஆணியில் இல்லை. தலையணையைப் புரட்டுகிறார், அரிசி டின்னுக்குள் கையை விடுகிறார். மகனை மேட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு, நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்ததே தவிர மனுஷன் அசையவில்லை. கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டித்தான் மேட்டுக்கு இழுத்துப் போனேன். மேலே நின்று திரும்பிப் பார்த்தபோது எங்கள் ஜன்னலில் பாதி தண்ணீருக்குள் இருந்தது.

தண்ணீர் வடிந்து சில நாள் கழித்துக் கடப்பாரையால் பீரோவை உடைத்துத் திறந்தார். உள்ளே எல்லாம் கூழாகிக் கிடந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார், வந்த வாடையைத்தான் தாங்கவில்லை. உப்பும் சேறும் மக்கிய துணியும் காகிதமும் சேர்ந்த வாடை. பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நகல் வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்த கதையை நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் எனக்கே மூச்சு வாங்கும். ஒரு பேப்பர் வேண்டுமென்றால் இன்னொரு பேப்பரைக் கொண்டு வா என்பார்கள், அந்த இன்னொரு பேப்பரும் அதே பீரோவில்தான் இருந்திருக்கும்.

பிறகு பத்துபஸ்திக்குக் குடி வந்தோம். மேட்டில் வீடு. இந்த மேட்டுக்குக் கடல் ஏறினால் அப்புறம் ஓடுவதற்குத் தீவில் இடமே கிடையாது என்று எத்தனையோ தடவை அவருக்குச் சொல்லிவிட்டேன். கேட்டால்தானே! குடி வந்த வாரமே பை வந்தது. பேப்பரெல்லாம் பாலிதீன் கவரில், ஆளுக்கு இரண்டு செட் துணி, போர்வை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில். அந்த நாளில் பாதி வீடுகளில் இப்படி ஒரு பை இருந்தது, தரை அடிக்கடி ஆடிக்கொண்டிருந்த காலம். ஆட்டம் குறையக் குறைய மற்ற வீடுகளில் பை மெல்ல உள்ளே போனது. எங்கள் வீட்டில் மட்டும் போகவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த மனுஷன் எழுந்து உள்ளே வந்து கட்டிலில் படுக்க வேண்டும். இதைப் போய் யாரிடம் சொல்வது, வெட்கக்கேடு. அவரிடமே கேட்டேன்.

"பையை பீரோவுல வெச்சா என்னங்க? வேணும்னா ரெண்டு எட்டுல எடுத்துரலாம்ல?"

"உள்ள வெச்சா வாடை வந்துரும். இங்கதான் காத்து படுது."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள், துணியோடுதான் என் பிழைப்பே. ஒரு கித்தான் பையை வாடை வராமல் எடுத்து வைக்க எனக்குத் தெரியாதா? "வாடை வராம வெச்சுக் காட்டினா உள்ள வந்து படுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் குனிந்து பையை ஒரு தடவை முகர்ந்தார். "ஒரு மழைக்காலம் தாங்கட்டும். அப்புறம் பாப்போம்" என்றார்.

இங்கே மழைக்காலம் என்பது வருஷத்தில் பாதிக்கு மேல். அந்தமானில் மழையைப் பந்தயத்துக்கு இழுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் தடவை பையைத் துடைத்து, பெரிய பாலிதீன் உறையில் போட்டு, அந்துருண்டை நாலைந்தை உள்ளே தூவி, வாயை இறுக்கிக் கட்டி பீரோவில் வைத்தேன். பேப்பர் கவரை மட்டும் அவர் உருவித் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். பையில்லாத பாயில் படுத்துக் கிடந்தார். மழை விட்டபின் பிரித்துப் பார்த்தால் பையின் முதுகெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். மக்கிய வாடையும் அந்துருண்டை வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறியது. அவர் பையை எடுத்து வாசலோரம் வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பாலிதீன் உறையைப் பார்த்துவிட்டு, "அரே தீதி, பந்த் கரோகி தோ சடேகா ஹீ!" என்றாள். மூடினால் அழுகத்தானே செய்யும் என்கிறாள். பிப்ரவரியில் சொல்கிறாள், இதை மே மாதத்தில் சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்த வருஷம் பாலிதீன் வேண்டாமென்று, சோப்புப் பவுடரில் ஊறப்போட்டுத் தேய்த்துத் துவைத்தேன். கித்தான் பையை ஊறப்போடவே கூடாது. அது நனைந்தால் தண்ணீர்க் குடம் மாதிரி கனக்கும், பிழியவும் முடியாது. வெயிலில் போட்டேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் மொறமொறவென்று இருந்தது. காய்ந்துவிட்டது என்று நம்பினேன். அடித்தையலில் துணி மூன்று நான்கு மடிப்பாக இருக்கும், அதற்குள் ஈரம் ஒளிந்துகொண்டிருந்தது. தையல்காரி எனக்கே தெரியவில்லை பாருங்கள். சோப்பும் சரியாகப் போகவில்லை. போதாக்குறைக்கு, துணிகளை இஸ்திரி போட்ட சூட்டோடு உள்ளே அடுக்கிவிட்டேன், அந்தச் சூடே உள்ளுக்குள் வியர்த்துவிட்டது. அந்த வருஷம் மழை முடிவதற்குள்ளேயே பீரோ நாறியது. என் பட்டுப்புடவை இரண்டும் சேர்ந்து போயின. தரையில் உட்கார்ந்து அழுதேன். புடவைக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார், "வேற வாங்கித் தரேன், விடு" என்றார். மக்கு மனுஷன்.

அப்புறம் சில வருஷம் நான் பையைத் தொடவில்லை. அலுப்பாக இருந்தது. எந்தத் துணியை எடுத்தாலும் ஈரம், எந்தக் கதவைத் திறந்தாலும் மக்கல் வாடை, ராத்திரி புரண்டு படுத்தால் வாசலில் அவர் இருமுகிற சத்தம். மகன் படிக்க மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு மூலையில். கேட்கவும் களைப்பு, கேட்காமல் இருக்கவும் களைப்பு.

அவருக்கு முதுகு பிடித்துக்கொண்ட வருஷம்தான் மறுபடி ஆரம்பித்தேன். ஈரத் தரையில் அத்தனை வருஷம் படுத்தால் பிடிக்காமல் என்ன செய்யும்? இந்த முறை தண்ணீரில் முக்கவே இல்லை. ஜனவரி முடிந்து மழை நன்றாக விட்ட பிறகு, பையை முற்றத்தில் தொங்கவிட்டு, பழைய தேங்காய்நார் பிரஷ்ஷால் பூஞ்சணத்தை உலர உலரத் தட்டினேன். வீட்டுக்குள் தட்டினால் அது அடுத்த துணியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வினிகரில் தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுப் பிழிந்து, தையல் தையலாகத் துடைத்தேன். தலைகீழாக, வாயைத் திறந்துவிட்டு, வெயிலிலும் காற்றிலும் நாள் கணக்காகப் போட்டேன். வெளியே காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. அடித்தையலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறதென்று அர்த்தம். கன்னத்துக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது.

பிஸ்கட்டைத் தூக்கி எறிந்தேன், அதற்கு வந்த எறும்பு போதும். இஸ்திரி போட்ட துணியை ஆறவிட்டுத்தான் அடுக்கினேன். ஈரத்தை இழுக்க ஒரு பழைய துணிப் பொட்டலத்தில் அடுப்புக்கரி. எல்லாவற்றையும் பருத்திப் புடவையில் சுற்றி வைக்கலாம் என்று முடிவு செய்தேன், அது மூச்சுவிடும். மாதம் ஒரு முறை, மழை விடுகிற நாளாகப் பார்த்து, எடுத்து உதறுவது. ஆனாலும் பீரோ இரும்பு, இந்த ஊர்க் காற்றே தண்ணீர். மிச்ச ஈரத்துக்கு ஒரே வழி உள்ளே பல்பு எரிய வேண்டும். பட்டுப்புடவை வைத்திருக்கிற வீடுகளில் சிலர் செய்கிறதுதான்.

என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"பீரோக்குள்ள லைட்டா? பைக்குத் தனிக்குடித்தனமா வெக்கிற?" என்றார்.

"ஆமா. அதுவாவது நிம்மதியாக் குடித்தனம் பண்ணட்டும்."

என் முகத்தைப் பார்த்தார். போய் டிரில் மிஷினை எடுத்து வந்து பீரோவின் பின்பக்கம் ஓட்டை போட்டார். துணியில் படாதபடி கம்பிக் கூண்டு கட்டி, சின்ன பல்பு ஒன்றைக் கீழ்த் தட்டில் மாட்டினார். அதோடு விடவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் பீரோவின் பூட்டையும் கழற்றி எடுத்துவிட்டார். "இதுக்குச் சாவி வேணாம்" என்றார். சரி என்றேன்.

அந்த மழைக்காலம் போவதற்குள் எனக்கு வயதாகிவிட்டது. கரண்ட் போனால் எனக்கு உயிர் போகும். மாதாமாதம் பையைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு முகர்வேன். பெங்காலி அம்மாள் ஒரு தரம் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

மழை விட்டது. ஒரு காலையில் பையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். திறந்தார். முகர்ந்தார். கையை விட்டு அடித்தையலை நெருடிப் பார்த்து, மறுபடி முகர்ந்தார். கரியின் வாசமும் வெயிலின் வாசமும் மட்டும்தான் இருந்தன. அவர் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணுமில்லையே" என்றார். அன்றைக்கே பேப்பர் கவரைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்து, பையைத் தானே பீரோவில் வைத்தார். பாயைச் சுருட்டினார். உள்ளறையில் வந்து படுத்தார், புதுசாகக் கல்யாணமானவர் மாதிரி ஓரமாக. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தூங்கியும் போனேன்.

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம். சாப்பிட்டுப் படுத்திருந்தோம். தரை ஆடியது. லேசாக இல்லை, பீரோக் கதவுகள் படபடவென்று அடித்துக்கொள்ளும் அளவுக்கு. எழுந்தது தெரியும், அவர் வாசலுக்கு ஓடுவார் என்று நினைத்ததும் தெரியும். ஓடியது நான்தான். பீரோவைத் திறந்து பையைப் பிடித்து இழுக்கிறேன், புடவைச் சுற்று பல்புக் கூண்டில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. பீரோ முன்னும் பின்னும் ஆடுகிறது.

"விடுடி! பீரோ மேல விழும்!"

"பை! பைங்க!"

"பை கெடக்கு, வாடி!"

என் கையை முறுக்காத குறையாகப் பிடித்து இழுத்து வந்து ரோட்டில் நிறுத்தினார். அவர் காலில் செருப்பில்லை. கட்டிய லுங்கியோடு நின்றார். ஆட்டம் நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை. "பேப்பரெல்லாம் உள்ள இருக்குங்க, ஒரு நிமிஷம், எடுத்துட்டு வந்துர்றேன்" என்று வீட்டைப் பார்த்தே இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் கையை விடவே இல்லை. "போனா போவுது. நீ நில்லு" என்றார்.

கடல் வராது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம். எல்லோரும் கலைந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டு அவர் உள்ளறைக் கட்டிலில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. வருஷக்கணக்கில் ஒரு காதைத் தெருவில் வைத்துத் தூங்கிய மனுஷன், அவ்வளவு நிம்மதியாக.

எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் நான் உள்ளே நிம்மதியாகத் தூங்கியது, அவர் வாசலில் விழித்துக் கிடந்ததால்தான். அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது வாசலில் யாருமில்லை.

எழுந்து போய்ப் பையைக் கூண்டிலிருந்து விடுவித்தேன். உதறினேன், முகர்ந்தேன், ஒரு வாடையும் இல்லை. தூக்கிக்கொண்டு போய்க் கதவோரம் வைத்துவிட்டு, என் செருப்பையும் டார்ச்சையும் அதன் பக்கத்தில் வைத்தேன். பாயை எடுக்கிற சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார்.

"அங்க என்ன பண்ற? பையை எடுத்து பீரோவுல வெச்சுட்டு வந்து படு."

"உள்ள வெச்சா வாடை வந்துருங்க" என்றேன். "கொஞ்சம் காத்து படட்டும்."