பரிசீலிக்கிறோம் என்றார்கள்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் ஏழு வருடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே மாதக்கணக்கில் தங்கிய ஜப்பான்காரர்களோடு பேசிப் பேசித்தான் அவர்கள் மொழி வந்தது. பிறகு சென்னைக்குப் போய்ப் பரீட்சைகளும் எழுதினேன். அந்தத் தகுதியில்தான், வெளிநாட்டு முதலீட்டைக் கூட்டிவர ஜப்பானுக்குக் கிளம்பிய அரசுக் குழுவில் என்னை மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்தார்கள்.

ஐந்து நாளில் பல கம்பெனிகளுக்குப் போனோம். எங்கள் மாவட்டத்தைப் பற்றி விசாரித்தது ஒன்றே ஒன்று, காருக்கு ஒயர் பாகங்கள் செய்கிற கம்பெனி. குழுவுக்குத் தலைமை தாங்கிய அதிகாரி திரையில் படங்களைக் காட்டினார். நாலுவழிச் சாலை, காலி நிலம், கல்லூரி வாசலில் சிரிக்கும் பெண்கள். அந்தக் கம்பெனியின் வயதான இயக்குநர் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றார் அதிகாரி. வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குக் கோடையில் லாரித் தண்ணீர்தான். ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே மாற்றிச் சொன்னேன்.

இயக்குநர் கோப்பை மூடினார். பேனாவை அதன் மேல் நேராக வைத்தார். பல்லிடுக்கில் மெல்ல மூச்சை உள்ளிழுத்து, "நல்லவிதமாகப் பரிசீலிக்கிறோம்" என்றார். அதையும் மாற்றிச் சொன்னேன். எங்கள் ஆட்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னேன். "சார், இவங்க முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல மாட்டாங்க. இந்த மாதிரி பரிசீலிக்கிறோம்னு சொன்னா வேணாம்னுதான் அர்த்தம்."

அவர் கெட்டவர் இல்லை. அந்த ஐந்து நாளும் நான் சாப்பிட்டேனா என்று தவறாமல் கேட்டவர். "இருக்கட்டும்மா," என்றார். "நீங்க வார்த்தைய மட்டும் மாத்திச் சொல்லுங்க. அர்த்தத்த நாங்க பாத்துக்கறோம்."

மறுநாள், தொடர்ந்து பேசுவோம் என்று மட்டும் சொல்கிற ஒரு தாளில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத தாள். போட்டோ எடுத்தார்கள். நான் ஊர் திரும்புவதற்குள் அந்தப் போட்டோ பேப்பரில் வந்துவிட்டது. திருவண்ணாமலைக்கு ஜப்பான் ஆலை வருகிறது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை என்று தலைப்பு.

என் தம்பி அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் பாக ஆலையில் நிரந்தர வேலையில் இருந்தான். அவன் மனைவியும் மூன்று வயதுப் பெண்ணும் எங்களோடு வேங்கிக்காலில். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து போவான். நான் திரும்பி வந்த வாரமே பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அங்க வேலைய வுட்டுட்டு வரலாம்னு இருக்கேன்க்கா. அனுபவம் இருக்கறவங்களத்தான் முதல்ல கூப்புடுவாங்க."

"அவசரப்படாதடா. அந்தக் கம்பெனி வராது."

"போட்டோ போட்டிருக்கு. அதுல நீயும் நிக்கற. நீயே வராதுன்னா எப்படிக்கா?"

"அவங்க சொன்ன விதம் அப்படி."

"விதம்னா?"

சொல்லிப் பார்த்தேன். ஒருவர் கோப்பை மூடியதையும் மூச்சை இழுத்ததையும் வைத்து எதைச் சொல்வது? சொல்லச் சொல்ல எனக்கே அற்பமாகத் தெரிந்தது.

"என் பொண்ணு என்னப் பாத்தா அவங்கம்மா பின்னால போய் ஒளியறாக்கா," என்றான். மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான்.

தெருவில் பலர் பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால், சொந்தக்காரங்களுக்கு மட்டும் செய்வியா என்றார்கள். வாங்கி அலமாரியில் வைத்தேன். நானே அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினேன். எங்கள் அன்புக்கு நன்றி, வெயில் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. பல முறை படித்தேன். வேறெதுவும் அதில் இல்லை.

தம்பி ஒன்றரை வருடம் காத்திருந்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனான். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மற்ற நாட்களில் வாடகை ஆட்டோ ஓட்டினான், பௌர்ணமிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி ஓடும். மகள் அவனோடு ஒட்டிக்கொண்டாள். தலைமை தாங்கிய அதிகாரிக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவருக்கு அந்தத் தாளைப் பற்றியே தெரியவில்லை.

கடைசியில் தம்பி பழைய ஆலைக்கே திரும்பினான், ஒப்பந்தக்காரர் மூலமாக. அதே மெஷின், கம்மிச் சம்பளம், சட்டை மட்டும் வேறு நிறம். அவன் வேலை பழக்கிவிட்ட பையன்தான் இப்போது அவனுக்கு மேற்பார்வையாளர். கிளம்பின அன்று பெண்ணைத் தூங்க வைத்துவிட்டுப் போனான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

போன மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். இன்னொரு குழு, அதே நாடு, வேறு கம்பெனிகள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் வேறு வேலை இல்லை. தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். அவன் பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"நம்ம ஊருக்கு எதனா வருமாக்கா?" என்றான்.

"பாக்கலாம்டா," என்றேன்.