திருகுகிறதா, அடிக்கிறதா

மகளின் வளைகாப்புப் பந்தியில் வைத்தே சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்.

"உங்க வீட்டுல இருக்கறதே ஒரு ரூமு. பச்ச உடம்புக்காரி எங்க படுப்பா? பின்னாடி கட்டுறீங்களே, அதுக்குக் கூரையைப் போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க. கொண்டாந்து விடுறோம்."

நான் தலையாட்டினேன். என் மனைவி அன்று சாப்பிடவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்காவிட்டால் சம்பந்தி ஊரான கீழ்பென்னாத்தூரில் என்ன பேசுவார்கள் என்பதை எங்கள் ஊர் வேங்கிக்கால் வந்து சேரும்வரை பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நான் கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். தண்ணீர் மோட்டார் போடுவது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது, அறைகளைப் பெருக்குவது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. எதிரில் ஆள் நின்றால் எனக்குப் பேச்சு வராது. புரியாததற்கும் தலையாட்டிவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து குழம்புவேன்.

பின்பக்க அறைக்குச் சுவர் எழும்பியிருந்தது. மேலே இரும்புக் குழாய்ச் சட்டத்தை வெல்டிங் கடைக்காரர் பொருத்திவிட்டுப் போய்விட்டார். கூரைக்கான நீலநிறத் தகர ஷீட்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. ஆணி அடிக்கிற வேலை கூடாது என்று மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாள். பெண் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது அவள் பிறந்த வீட்டில் ஆணி அடிக்கக்கூடாதாம்.

இதற்கு வழி சொன்னவன் மனைவியின் தம்பி. சென்னையில் ஆபீஸ்களுக்குத் தடுப்புப் பலகை பொருத்துகிற வேலை அவனுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கை மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒயர் இல்லை. அடியில் பேட்டரி. மூக்கில் ஸ்க்ரூவை மாட்டி ஷீட்டின் மேல் வைத்து அழுத்தினால் அதுவே துளை போட்டுக்கொண்டு இறங்கும்.

"அக்கா, இது ஆணி இல்ல, திருகு. மாமா, கரண்டு போனாலும் இது ஓடும். புரிஞ்சுதா?"

பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் காட்டினான். பட்டனை இந்தப் பக்கம் தள்ளினால் உள்ளே போகும், அந்தப் பக்கம் தள்ளினால் வெளியே வரும் என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான். தலையாட்டினேன். மெஷினை என்னிடம் விட்டுவிட்டு அவன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் ஏணியில் ஏறி முதல் ஸ்க்ரூவை வைத்தேன். விர்ரென்று அழகாகத்தான் இறங்கியது. தலை ஷீட்டைத் தொடும் நேரத்தில் மெஷினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் அடிப்பதுபோல டகடகடக என்று ஒரு சத்தம். கை அதிர்ந்தது. பயந்து விரலை எடுத்தேன். இரண்டாவது ஸ்க்ரூவுக்கும் அதே சத்தம்.

கீழேயிருந்து மனைவி கத்தினாள். "திருகுதுன்னு சொன்னீங்க? அடிக்குது!"

"அடிக்கல, திருகுது."

"எனக்கென்ன காது செவிடா?"

உள்ளே ஏதாவது பல் உடைந்துவிட்டதா? அல்லது இது சுற்றுவதோடு அடிக்கவும் செய்கிற மெஷின்தானா? அப்படியென்றால் ஆணி அடித்த கணக்கில் சேருமா? சுற்றுகிற ஒன்று எப்படி அடிக்கும் என்று ஏணியிலேயே நின்று யோசித்தேன். மச்சானுக்குப் போன் செய்திருக்கலாம். அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் முதல் நாளே கெடுத்துவிட்டார் என்று நினைப்பானே என்று செய்யவில்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். சத்தம் தொடங்குமுன் விரலை எடுத்துவிடுவது. இப்படியே நான்கைந்து நாள் காலையில் மொத்தம் இரண்டு ஷீட்டுகளைப் பொருத்தினேன். காற்றடித்தால் ஷீட்டுகள் மெல்ல எழும்பித் தட்டின. கையால் அசைத்தால் ஸ்க்ரூக்களும் அசைந்தன. ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள்மணை, என் ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தோம். மெஷினையும் ஈரத்துணியால் துடைத்து நடுவில் வைத்தேன். எங்கே பொட்டு வைப்பது என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரலால் அழுத்துகிற விசைக்கு மேலே பக்கவாட்டில், திசை மாற்றுகிற அந்தப் பட்டன் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி இருந்தது. அதில் கட்டைவிரலால் சந்தனம் அழுத்தி, மேலே குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. விஜயதசமியன்று எடுத்து ஓட்டித் தொடங்க வேண்டும்.

மறுநாள் கற்பூரம் காட்டிவிட்டு மெஷினை எடுத்து விசையை அழுத்தினேன். விசை உள்ளேயே போகவில்லை. கல் மாதிரி நின்றது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். தட்டினேன். காதருகே வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

மனைவியின் முகம் மாறிவிட்டது. "இன்னிக்குப் பார்த்தா நிக்கணும்? புள்ளத்தாச்சி வர்ற நாளு!"

பண்டிகைச் சாப்பாட்டுக்கு மகளும் மருமகனும் வருவதாக இருந்தது. சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். நான் பல் துலக்கும் பிரஷால் சந்தனத்தைச் சுரண்ட முயன்றேன். சந்தனம் உள்ளே இறங்கி எதையோ அடைத்துவிட்டதா? ஈரத்துணி பட்டதாலா? அடித்த சத்தம்தான் கடைசியில் இப்படி முடிந்ததா? சாமிக்கு வைத்துக் கெட்டுப்போனது என்று மச்சானிடம் எப்படிச் சொல்வது?

மகள் வந்து மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இன்னாப்பா அதுக்குப் பல்லு வெளக்கி விடுற?"

மருமகன் சிரித்தார். ஓடவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் வாங்கி, பொட்டு வைத்த பட்டனைத் தடவிப் பார்த்தாள்.

"நடுவுல நிக்குதேப்பா. நடுவுல இருந்தா லாக். கை தவறி ஓடக்கூடாதுன்னு வெச்சிருப்பாங்க."

கட்டைவிரலால் தள்ளினாள். விசையை அழுத்தினாள். விர்ரென்று சுற்றியது. பொட்டு வைத்தபோது நான்தான் பட்டனை நடுவுக்குத் தள்ளியிருக்கிறேன்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கம்பெனியில ரெண்டு வருஷம் வேறென்ன பண்ணேன்னு நெனச்ச? காலைல போனா சாயந்திரம் வரைக்கும் ஸ்க்ரூதான்."

கல்யாணத்துக்கு முன் அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் கம்பெனியில் இருந்தாள். அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, லீவுக்கு மட்டும் வருவாள். போன் கம்பெனி என்றால் போனில் பேசுகிற வேலை என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு நாளும் கேட்டதில்லை. இதைவிடப் பெரிய குழப்பம் எனக்கு அந்த மெஷினாலும் வரவில்லை.

மெதுவாகச் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். "எங்க மெஷின்ல இறுகினா டக்குனு ஒரே சத்தம் வந்து நின்னுடும். இது பெரிசு, அதான் தட்டித் தட்டி இறுக்குது போல. நீ சத்தத்துக்கு முன்னாடியே விட்டுட்டியா?" என்று ஷீட்டைப் பார்த்தாள். "அதான் ஆடுது!"

"தட்டுதுன்னா அடிக்கிறதுதானேடி?" என்றாள் மனைவி. "வயித்துல புள்ளய வெச்சிக்கினு…"

"ஸ்க்ரூ சுத்திக்கினுதாம்மா போவுது. மழ பேஞ்சா புள்ள மேல ஒழுகுமே, அது பரவாயில்லயா?"

மனைவி முணுமுணுத்துக்கொண்டே சாமி படத்துக்கு முன்னால் போய் ஒரு கற்பூரம் ஏற்றினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் ஏணியில் ஏறினேன். மருமகன் ஷீட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார். மகள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து காதால் கேட்டுச் சொன்னாள். டகடகடக. "போதும்ப்பா, ஸ்க்ரூவுக்கு அடியில இருக்கற ரப்பர் வாஷர் நசுங்கிடும்." டக. "இன்னும் கொஞ்சம்." பழைய ஸ்க்ரூக்களையும் இறுக்கினேன். அவள் சொன்னதால் மட்டும் விரலை எடுக்காமல் இருந்தேன். இரண்டு முறை பட்டனை மாற்றித் தள்ளி, போட்ட ஸ்க்ரூவை நானே கழற்றினேன். எந்தப் பக்கம் எது என்பது கடைசிவரை மனதில் நிற்கவில்லை.

ஐந்து மணிக்குக் கடைசி ஷீட்டும் முடிந்தது. கைகளால் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. மருமகன் கைகழுவிவிட்டு, "கெளம்பலாமா? பஸ்ஸு வந்துடும்," என்றார்.

மகள் புது அறையின் நடுவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க. கூரை போட்டாச்சுன்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க. என் துணியெல்லாம் நாளைக்குக் கொண்டாங்க."

மனைவி அவசரமாகத் துடைப்பத்தை எடுத்து அந்த அறையைப் பெருக்க ஆரம்பித்தாள். வழியில் நின்ற என்னைத் தள்ளிப் போகச் சொன்னாள்.