ரஹ்மத் அக்கா திறந்து வைத்த ஜன்னல்கள்

முத்துப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் கொசுவலைச் சட்டத்துக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். டிரில் மிஷின் சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை. அந்த வீட்டுப் பெண்தான் எடுத்து என் காதில் வைத்தார். பேசியது ஷர்மிளா, ரஹ்மத் அக்காவின் மகள். "செல்வி சாச்சி, உம்மா மவுத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறாங்க, உடனே வாங்க" என்றாள். சட்டத்தை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன். "ரஹ்மத் லாத்தாவா?" என்று, ஊரார் அக்காவைக் கூப்பிடுகிற முறையில் கேட்ட அந்தப் பெண், பதிலுக்குக் காத்திராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிராம்பட்டினத்தில் அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம். இத்தனை வருஷம் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அன்றைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். உங்கள் வீட்டுத் திரைச்சீலைக் கம்பியோ, தண்ணீர் ஃபில்டரோ, ஜன்னல் கம்பியோ அவர் மாட்டியதாக இருக்கும். அவர் எப்படி அந்த வேலைக்கு வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியாது.

அவர் கணவர் ஹாஜா அண்ணன் துபாயில் கட்டடங்களுக்கு ஃபால்ஸ் சீலிங் அடிக்கப் போனவர். தெருவுக்குத் தெரு ஐ.எஸ்.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, படுத்த படுக்கையாகத் திரும்பி வந்தார். கூட வந்த பெட்டியில் சென்ட் பாட்டில்களுக்கு நடுவே பேட்டரியில் ஓடும் டிரில் மிஷின் ஒன்று இருந்தது. அக்கா அதைத் தொடவே இல்லை. "என் புருஷன் முதுக வாங்கிக்கிட்டு இதக் குடுத்தனுப்பிருக்கானுங்க" என்று அடிக்கடி சொல்வாராம்.

எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் திரைச்சீலைக் கம்பி மாட்ட ஆள் தேடினாள். அந்த வீட்டு ஆண்கள் எல்லோரும் வெளிநாட்டில். வேலைக்கு வந்தவனை உள்ளே விட மாமியார் சம்மதிக்கவில்லை. அக்கா வீட்டில் அன்றைக்கு உலை வைக்க அரிசி இல்லை. அவர் டிரில் மிஷினைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். முதல் துளை கோணலாகப் போய், காரை ஒரு கை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு அழுதுகொண்டே இரண்டாவது துளையைப் போட்டாராம். எங்களிடம் இதைச் சொல்லும்போது சிரிப்பார். "அழுதா கை நடுங்கும்டி. நடுங்கினா ஓட்டை பெருசாவும். அதனால நிறுத்திட்டேன்" என்பார்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். வாய்க்காலில் தண்ணீர் வராமல் இரண்டு போகம் போன பிறகு, குத்தகை நிலத்தை விட்டுவிட்டு அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனாலும் முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டேன், அது நிலைத்துவிட்டது.

பாதி நாள் கரண்ட் இல்லாத வருஷங்கள் அவை. வயர் வைத்த மிஷின்காரர்கள் எல்லாம் திண்டாடினார்கள். எங்களுக்கு வேலை குவிந்தது. பேட்டரிகளைப் பற்றி அக்காவுக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. துபாயிலிருந்து வந்தது நிக்கல் காட்மியம். செங்கல் கனம் கனக்கும். தூக்கிப் போட்டாலும், வெயிலில் காய்ந்தாலும் தாங்கும். ஆனால் சார்ஜ் செய்து அலமாரியில் வைத்தால் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அரைகுறையாகத் தீர்ந்ததும் திரும்பத் திரும்பச் சார்ஜ் போட்டால் அந்த அரைகுறைக்கே பழகிவிடும் என்பார். அடுத்து வாங்கிய நிக்கல் ஹைட்ரைடு கூடுதல் நேரம் ஓடியது. ஆனால் சித்திரை வெயிலில் தொட முடியாதபடி சுட்டது. அதிக நாள் வரவில்லை. கடைசியாக லித்தியம் வந்தது. கையில் கனமே தெரியாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சார்ஜ் அப்படியே இருக்கும். கடைசிச் சொட்டு வரை ஒரே வேகம், பிறகு சட்டென்று நின்றுவிடும்.

"பழசு மூச்சு வாங்கி வாங்கி நிக்கும். நமக்குத் தெரிஞ்சுபோவும். புதுசு பேச்சுக்கு நடுவுலயே நின்னுரும்" என்று அக்கா சொல்வார். அதனால் லித்தியம் வந்த பிறகும் அந்தப் பழைய காட்மியத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வெளிநாட்டுப் பணத்தில் புது வீடுகள் எழும்பியபோது எல்லோரும் கேட்டது ஜன்னல் கம்பி. கணவர்கள் போனிலேயே சொல்லிவிடுவார்கள், திருடன் எந்த வழியிலும் வரக்கூடாது என்று. தேக்கு நிலையில் நீள ஸ்க்ரூவாகப் போட்டுக் கம்பிச் சட்டத்தை இறுக்குவார் அக்கா. பிறகு ஸ்க்ரூவின் தலையிலுள்ள வெட்டை மிஷினாலேயே மழித்துவிடுவார். எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் பிடிக்காது. அதைப் பாராட்டாத வீடு கிடையாது. ஊர் ஊராக அப்படித்தான் போட்டோம்.

ஒரு வருஷம் கார்த்திகை மழை ஓய்வதாயில்லை. மூன்றாவது நாளாகக் கரண்ட் இல்லை. முந்தின நாளெல்லாம் நாங்கள் ஊருக்குள் காற்றில் பறந்துபோன கூரைத் தகரங்களை இறுக்கிக்கொண்டிருந்தோம். சார்ஜ் அதிலேயே போயிற்று. காலையில் அக்காவுக்குப் போன் வந்தது. நஸீமா. முத்துப்பேட்டை போகிற வழியில் வாய்க்கால் ஓரத்து வீடு. கணவர் சவூதியில் இருந்தார். வீட்டில் அவள், கைக்குழந்தை, பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியார்.

"லாத்தா, கரை ஒடைஞ்சு தண்ணி உள்ள வருது. பூவரசமரம் விழுந்து வாசக் கேட்டு தொறக்க மாட்டேங்குது. கொல்லைச் சொவரு சாஞ்சு பின் கதவ அடைச்சிருச்சு. ஜன்னக் கம்பிய நீங்கதான போட்டீங்க? அத எப்படிக் கழட்டுறது?"

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே மிஷின் பையைத் தூக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளியே இடுப்பளவு தண்ணீர். ஊர் ஆண்கள் கரையை அடைக்கப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் கடப்பாரையோடு நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் நஸீமா ஒரு கையில் குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மறு கையால் மாமியாரின் தலையைத் தோளில் சாய்த்திருந்தாள். கட்டில் தண்ணீருக்குள் போய்விட்டது.

தலை மழித்த ஸ்க்ரூ. துளைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. கீழ் வரிசை சீக்கிரம் மூழ்கிவிடும் என்பதால் அதிலிருந்து ஆரம்பித்தார். லித்தியம் மிஷின் இரும்பைச் சீவிக்கொண்டு இறங்கியது. கீழ் வரிசை கழன்றது. பக்கவாட்டில் பாதியில் இருந்தபோது நின்றுவிட்டது. இன்னொரு பேட்டரியை மாற்றினோம். அதில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை.

"பழசக் குடு! செல்வி, பழச எடு!"

கொடுத்தேன். வாரக்கணக்கில் பையில் கிடந்தது. சுற்றியது. மெதுவாகச் சுற்றியது. உள்ளே நஸீமா, "மாமி, வாய மூடிக்குங்க, மாமி, மூக்க மேல தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா உடம்பு முழுவதையும் மிஷின் மேல் சாய்த்து அழுத்தினார். "சுத்து, சுத்து, யா அல்லாஹ், சுத்த வையி" என்று கத்தினார். அந்தப் பக்கத்தின் கடைசித் தலை தெறித்தபோது மிஷின் வெறுமனே முனகியது. மேல் வரிசைக்கு ஒன்றும் மிச்சமில்லை. பெரியவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். நாங்கள் இருவரும் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். ஒரு மூலை வெளிப்பக்கம் வளைந்தது.

குழந்தை முதலில் வந்தது. நான்தான் வாங்கினேன். "நீ வா" என்று அக்கா கையை நீட்டியதற்கு நஸீமா, "மாமிய யாரு புடிக்கிறது?" என்று கேட்டாள். அந்த இடுக்கு வழியே அக்கா உள்ளே போனார். தோளிலும் முதுகிலும் இரும்பு கிழித்தது. மாமியாரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார், மூச்சு இல்லை, திறந்திருந்த கண்களைக் கையால் மூடிவிட்டார். நஸீமாவுக்கு அது தெரியவில்லை. தெரிந்த பிறகும், நாங்கள் வெளியே இழுக்கிற வரைக்கும், அவள் தோளை எடுக்கவில்லை.

அவள் கணவர் பிறகு போனில் பேசினார். ஏசுவார் என்று அக்கா காத்திருந்தார். ஏசினால் தேவலை என்றிருந்தது எங்களுக்கு. அவர் அழுதுகொண்டு, "நான்தானே லாத்தா இன்னும் நீளமான ஸ்க்ரூவாப் போடச் சொன்னேன்" என்றார். அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் வடிந்த வாரமே கிளம்பிவிட்டார். தான் கம்பி போட்ட எல்லா வீட்டுக்கும் திரும்பப் போவது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜன்னல் கம்பியையாவது கழற்றிக் கீல் வைத்து, உள்ளிருந்து திறக்கிற மாதிரி கொண்டி போட்டுக் கொடுப்பது. கூலி வாங்க மறுத்தார். மற்ற வேலைகளில் வருவதைக் கீலுக்கும் கொண்டிக்கும் கொட்டினார். ஷர்மிளா கோபப்பட்டாள். நானும் சொல்லிப் பார்த்தேன். "நீ கொழந்தைய வாங்கினே. நான் அந்தம்மாவ வாங்குனேன்" என்றார். மறுநாள் நானும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எல்லா வீடும் திறக்கவில்லை. நாகூரில் ஒரு வீட்டுக்காரர் குவைத்திலிருந்து போனில், நகை இருக்கிற வீடு, ஜன்னலைத் தொடாதீர்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா அவரிடம் கெஞ்சினார். "தம்பி, திருடன் வந்தா நகை போவும். தண்ணி வந்தா யாரு போவான்னு நினைச்சுப் பாருங்க தம்பி." போனை வைத்துவிட்டார்கள். அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்து, "ஒரே ஒரு ஜன்ன, ஒரே ஒரு ஜன்ன" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிச்சை கேட்பவர் என்று நினைத்து யாரோ காசு போட வந்தார்கள். அக்காவைக் கைத்தாங்கலாக பஸ்ஸுக்கு அழைத்துவந்தேன்.

ஐப்பசி பிறந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எல்லா பேட்டரியும் நிரம்பியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பார். பச்சை விளக்கு எரிவதை அவர் நம்பமாட்டார். மிஷினில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதனால் குறைந்திருக்குமே என்று மறுபடி சார்ஜில் போடுவார்.

இதயம் பலவீனமாகிவிட்டது என்று தஞ்சாவூரில் டாக்டர்கள் சொன்னார்கள். மாடிப்படி ஏறக்கூடாது என்றார்கள். ஏறினார். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நான் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வீடு பாக்கி இருக்கா?" என்று கேட்டார். எல்லாம் முடிந்தது என்று சொல்லியிருக்கலாம் என்று ஷர்மிளா நினைக்கிறாள். அவரிடம் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"இருக்குக்கா. நாகூர் வீடு இருக்கு. இன்னும் சிலதும் இருக்கு."

"மழைக்கு முன்னாடி போயிரு" என்றார். பிடித்த கையை விடவில்லை. நர்ஸ் வந்துதான் விரல்களைப் பிரித்தார்.

அடக்கம் முடிந்து வாரம் திரும்புவதற்குள் நாகூருக்குப் போனேன். அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து, என்னைத் தனியாகப் பார்த்ததும் விஷயம் புரிந்து, உள்ளே வரச்சொன்னார். "அவரு ஒத்துக்க மாட்டாரு" என்றார். பிறகு, "சமையக்கட்டு ஜன்னல அவரு பாக்க மாட்டாரு" என்றார். வேலை முடிந்ததும் அந்த ஜன்னலைத் தானே திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

மிச்ச வீடுகள் இன்னும் இருக்கின்றன. வங்கக்கடலில் காற்றழுத்தம் என்று செய்தியில் சொன்னால் எனக்கும் சோறு இறங்குவதில்லை. அக்காவின் மிஷின்களை ஷர்மிளா வைத்துக்கொண்டாள், அது அவள் உரிமை. எனக்கு அக்காவின் பயம் வந்திருக்கிறது. அதை யாரும் ஆறுதல் சொல்லி எடுத்துவிட வேண்டாம். நாளைக்கு அதிராம்பட்டினத்தில் இரண்டு வீடு இருக்கிறது. உங்கள் வீட்டு ஜன்னலும் திறக்காததாக இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். வருகிறேன்.